துணி உக்கிய இடம்

அன்று காலையில் மட்டும் மூன்றாவது தடவையாகக் கம்சலா மண்சரிவு விழுந்த இடத்துக்கு ஏறினாள். ஏறுவதற்குக் காரணம் எதுவும் இல்லை. வீடிழந்தவர்களுக்குப் போட்டுக் கொடுத்த கொட்டகையில் உட்கார்ந்திருந்தால் கால் தானாக ஆடத் தொடங்கிவிடும். அம்மா அதைப் பார்ப்பாள். பார்த்துவிட்டு எதுவும் சொல்லமாட்டாள். அந்த மௌனத்துக்கு எதிரே உட்கார்ந்திருப்பதைவிட மூச்சிரைக்க ஏறுவது மேல் என்றிருந்தது அவளுக்கு.

ஊஞ்சக்கல் தேயிலைத் தோட்டம் தெமோதரையிலிருந்து அரை மணி நேர பஸ் பயணம். நவம்பர் கடைசியில் புயலோடு வந்த மழையில், தோட்டத்தின் மேல் டிவிசனில் மலை ஒரு பக்கமாகப் பிய்ந்து வந்து, தொழிலாளர் வரிசை வீடான ஆறாம் நம்பர் லயத்தை அப்படியே வாரிக்கொண்டு போனது. குடும்பத்துக்கு ஓர் அறையாகப் பன்னிரண்டு காம்பரா. பள்ளிக்கூடத்துக்குப் போகும்படி முன்கூட்டியே சொல்லியிருந்ததால் பாதிப் பேருக்கு மேல் தப்பினார்கள். பதினொரு பேர் மண்ணுக்குள் போனார்கள். ஆறு பேரைத் தோண்டி எடுத்தார்கள். ஒன்பதாம் நாள் தேடுவதை நிறுத்திவிட்டார்கள். கிடைக்காத ஐந்து பேரில் கம்சலாவின் தம்பி அஜந்தனும் ஒருவன். இருபத்து நாலு வயது. பதுளையில் மோட்டார் சைக்கிள் திருத்தும் கடை ஒன்றில் வேலை செய்துகொண்டிருந்தான்.

அப்போது கம்சலா நோர்வேயில் இருந்தாள். அங்கே ஒரு பல்கலைக்கழகத்தில் நான்கு வருஷமாக ஆராய்ச்சி. செய்தி கேட்டு அவள் வந்து சேர நான்கு நாளாயிற்று. வந்தவள் திரும்பிப் போகவில்லை. இப்போது பெப்ரவரி கடைசி.

அவளுடைய ஆராய்ச்சி மண்ணில் வாழும் நுண்ணுயிர்களைப் பற்றியது. அதுவும் சாதாரண மண்ணில் அல்ல. மலை இடுக்குகளில் நூற்றுக்கணக்கான வருஷமாக உறைந்து கிடந்த பனியாறுகள் இப்போது உருகி, வருஷா வருஷம் பின்வாங்குகின்றன. அவை விட்டுப்போகும் தரையில் கல்லும், மாவு போன்ற சாம்பல் மண்ணும்தான் இருக்கும். ஒரு புல்கூட இராது. ஆனால் ஒரு சிட்டிகை எடுத்துப் பார்த்தால், பனி விலகிய முதல் கோடையிலேயே அங்கே யாரோ வந்திருப்பார்கள். காற்றில் வந்தவர்கள், தூசியோடு விழுந்தவர்கள். காற்றிலும் கல்லிலும் கிடைப்பதைத் தின்று பிழைக்கத் தெரிந்தவர்கள். அவர்கள் வாழ்ந்து செத்த இடத்தில் அடுத்தவர்கள் வருவார்கள். மண் மெல்லக் கறுக்கும், பாசி பிடிக்கும். முதல் செடி வேர்விட எத்தனையோ வருஷமாகும். பனியின் விளிம்பிலிருந்து கீழே நடந்தால் ஒவ்வோர் எட்டும் இன்னும் கொஞ்சம் பழைய காலம். நாலு கோடையாகக் கம்சலா அந்த எட்டுகளைத்தான் எடுத்து வைத்துக்கொண்டிருந்தாள்.

"ஆளில்லாத நெலத்துல மொதல்ல யாரு வந்து குடியேறுறாங்கன்னு பாக்கிறேம்மா" என்று ஒரு தடவை தொலைபேசியில் சொல்லியிருந்தாள்.

அவளுடைய அம்மா கலாராணி முப்பது வருஷம் கொழுந்து பறித்தவள். "நமக்கு வீடு கட்ட ஏழு பேர்ச் காணி தாரேன்னு சொல்லிச் சொல்லியே காலம் போகுது. பூச்சிக்கு ஒடனே கெடைச்சிருதாக்கும்?" என்று கேட்டாள். பக்கத்தில் நின்ற அஜந்தன் சிரித்தது கம்சலாவுக்குக் கேட்டது.

இப்போது அவள் கண்ணுக்கு முன்னால் கிடந்ததும் அதே மாதிரி நிலம்தான். முப்பது நாற்பது அடி ஆழத்தில் வெயிலே படாமல் கிடந்த சிவப்பு மண் வெளியே வந்து, மலையின் தோலை உரித்துப் போட்டதுபோல் கிடந்தது. ஓரங்களில் மட்டும் களை எட்டிப் பார்த்தது. நடு மண் மொட்டையாகவே இருந்தது.

"பாப்பா, இங்க வா."

கூப்பிட்டவர் பொன்னையா. ஐந்தாம் காம்பராக்காரர். அறுபதை நெருங்குகிறவர். அவருடைய மனைவி ரெங்கம்மாவும் கிடைக்காத ஐந்து பேரில் ஒருத்தி. அவர் அன்று தெமோதரைக்கு மருந்து வாங்கப் போயிருந்தார். ரெங்கம்மாவின் முழங்காலுக்கான மருந்து.

சரிவின் நடுவே ஒரு பாய் அகலத்துக்குப் பச்சை படர்ந்திருந்தது. அதன் ஓரத்தில் ஒரு செங்கல். செங்கல்மேல் கற்பூரம் எரிந்த கறுப்பு.

"பாத்தியா? மத்த எடமெல்லாம் செவசெவன்னு கெடக்கு. இங்க மட்டும் பச்ச கட்டுது. அவ இங்கதான் இருக்கா. நீ மண்ணப் படிச்ச புள்ள. நீயே சொல்லு."

கம்சலா குனிந்து விரலால் தொட்டுப் பார்த்தாள். வழுவழுப்பு. அடியில் தண்ணீர் கசிந்துகொண்டிருந்தது.

"மாமா, இது ஊத்துத் தண்ணி. தண்ணி நிக்கிற எடத்துல பாசி சீக்கிரமா புடிக்கும். வேற ஒண்ணுமில்ல."

"ஒண்ணுமில்லியா?"

"இல்ல மாமா."

அவர் கற்பூரப் பெட்டியைச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டு கீழே இறங்கினார். அவர் முதுகைப் பார்த்துக்கொண்டு நின்ற கம்சலாவுக்குத் தன் நாக்கைக் கடித்துக்கொள்ளலாம் போலிருந்தது. அவருக்கு அந்தப் பாய் அகலப் பச்சையாவது இருந்தது. அதையும் பறித்தாயிற்று. உண்மையைச் சொன்னோம் என்ற நிம்மதிகூட வரவில்லை.

லேசாகத் தூறல் விழுந்தது. ஒதுங்க இடம் தேடி அவள் இடது பக்கமாக நடந்தாள். சரிவின் ஓரத்தில் ஓடும் சிற்றோடையைத் தாண்டினால், தேயிலைக்கு நிழலாக வைத்த பெரிய மரமொன்று வேரோடு சாய்ந்து கிடந்தது. அதன் கீழே குந்திய கொஞ்ச நேரத்தில் அவள் நிமிர்ந்தாள்.

மண் வாசனை.

காய்ந்த மண்ணில் தூறல் பட்டதும் எழும் அதே வாசனை. அதைப் பிறப்பிப்பது மண்ணல்ல, மண்ணில் வாழும் ஒருவகை நுண்ணுயிர் என்பதைத் தினசரிப் பாடமாகப் படித்தவள் அவள். ஆழத்திலிருந்து வந்த சிவப்பு மண்ணில் அந்த வாசனைக்கு வேலையில்லை. இத்தனை நாளும் மழையில் நனைந்து நனைந்து நடந்த மற்றப் பக்கம் எங்கேயும் அது வரவில்லை. மூன்று மாதத்தில் புதிதாக வந்து குடியேறியவர்களால் இவ்வளவு வாசம் எழுப்ப முடியாது.

அவள் கையாலேயே தோண்டினாள். மேலே இரண்டு விரல் கனத்துக்குச் சிவப்பு. அதன் கீழே கறுப்பு கலந்த மண்.

இது புதுக் குடி இல்லை. பழைய குடி. மண்ணோடு சேர்ந்து இடம்பெயர்ந்து வந்தது.

லயத்துக்குப் பின்னால் ஒவ்வொரு காம்பராவுக்கும் ஒரு துண்டுக் கொல்லை இருந்தது. போஞ்சியும் கோவாவுமாகக் காய்கறி போட்டு, மாட்டுச் சாணமும் அடுப்புச் சாம்பலும் கொட்டிக் கொட்டி வளர்த்த மண். அந்தக் கொல்லை உடையாமல் ஒரே பலகையாகச் சறுக்கி இந்தப் பக்கம் வந்து நின்றிருந்தால்? கொல்லைக்கு முன்னால் இருந்த சுவர்களும் இதோடுதானே வந்திருக்கும்? டிசம்பரில் எல்லோரும் தோண்டியது சரிவின் வலது அடிவாரத்தில். அங்கேதான் கூரைத் தகரங்கள் கிடந்தன.

ஆனால் ஒரு பிடி மண்ணை நம்பக்கூடாது என்பதும் அவள் படித்ததுதான். மேலே தேயிலை மலையிலிருந்து தனியாக உருண்டு வந்த கட்டியாகவும் இருக்கலாம். பொன்னையாவின் நம்பிக்கையை இன்னொரு தடவை பறிக்க அவளால் முடியாது.

மறுநாள் முதல் பஸ்ஸில் பதுளைக்குப் போனாள். கடைவீதியில் வைரவநாதனின் புடவைக்கடை அப்போதுதான் திறந்திருந்தது. நைலோன் கலக்காத, சாயம் போடாத வெள்ளைப் பருத்தித் துணி வேண்டும் என்றாள்.

வைரவநாதன் மூக்குக்கண்ணாடிக்கு மேலால் பார்த்தார். "எத்தன பேருக்கும்மா?" என்று தணிந்த குரலில் கேட்டார். அந்த நவம்பருக்குப் பிறகு இப்படிக் கேட்டு வந்தவர்கள் ஒரே காரணத்துக்காகத்தான் வந்திருக்கிறார்கள்.

"ஆளுக்கில்லீங்க. மண்ணுல பொதைக்க."

விளக்கிச் சொன்னாள். பருத்தி, நுண்ணுயிர்களுக்குத் தீனி. உயிருள்ள மண்ணில் புதைத்தால் மூன்று வாரத்தில் மக்கி உக்கிப்போகும். உயிரில்லாத மண்ணில் அப்படியே இருக்கும். உக்கிய இடங்களையெல்லாம் ஒரு தாளில் குறித்தால், கொல்லை மண் எங்கிருந்து எங்கு வரைக்கும் கிடக்கிறதென்று தெரியும். வைரவநாதன் துணியை அளக்காமலே கிழித்தார்.

அறுபத்து நாலு துண்டு. சரிவில் வலதிலிருந்து இடதாக எட்டு வரிசை, ஒவ்வொன்றும் மேலிருந்து கீழாக. முழங்கை ஆழத்துக்குக் குழி, ஒரு துண்டு, மேலே ஒரு மூங்கில் குச்சி. இரண்டாவது வரிசையில் அவள் குனிந்திருந்தபோது பொன்னையா வந்து நின்றார். அவள் எதையும் மறைக்காமல் சொன்னாள்.

"மாமா, இந்தத் துணி அத்தையக் காட்டாது. பழைய மண்ணு எங்க போயி விழுந்திருக்குன்னுதான் காட்டும். அதுகூட நிச்சயமில்ல."

"நிச்சயமாச் சொன்னவங்க எல்லாம் வந்துட்டுப் போயிட்டாங்க பாப்பா" என்றார் அவர். "நீ நிச்சயமில்லாமலே பொதை." கத்தியை எடுத்து மூங்கிலை வெட்டத் தொடங்கினார்.

வேலைக்கு நடுவில் அவர் கேட்டார்: "அந்தப் பனி ஊர்லயும் துணியத்தான் பொதைப்பீங்களா?"

"அங்க தேயிலப் பை மாமா. பேக்குல போட்டு வருமில்ல, அது. பொதைச்சு வச்சுட்டு, எவ்வளவு உக்குதுன்னு நிறுத்துப் பாப்போம்."

பொன்னையா கத்தியை நிறுத்தினார். "இங்க கொட்டுற மழையில இவங்க பறிச்சு அனுப்புறத, அங்க கொண்டுபோயி மண்ணுல பொதைக்கிறீங்க?"

"ஆமா."

அவர் சிரித்தார். நவம்பருக்குப் பிறகு அவர் சிரித்து அவள் பார்த்தது அதுதான் முதல்முறை. சிரிப்பு அடங்கியதும் முகத்தை வேறு பக்கம் திருப்பிக்கொண்டு, அடுத்த குச்சியைச் சீவினார்.

பிறகு காத்திருக்க வேண்டியிருந்தது. அதுதான் கம்சலாவுக்கு முடியாத காரியம். ஒரு நாள் பஸ் ஏறி அப்புத்தளைக்குப் போனாள். ரயில் நிலையத்து மர வாங்கில் பத்து நிமிஷம் உட்கார்ந்தாள், மூடுபனிக்குள் அடுத்த பஸ் பிடித்துத் திரும்பினாள். ஒரு நாள் குடிநீர்க் குழாய் பதிக்கப் பள்ளமாகக் கான் வெட்டினாள். நோர்வேயிலிருந்து பேராசிரியை கடிதம் போட்டிருந்தார்: ஜூனில் களவேலை தொடங்குகிறது, உன் இடம் உனக்காகவே இருக்கிறது, வருகிறாயா? பதிலுக்கு நாலு வரி எழுதி நாலையும் அழித்தாள்.

பதினைந்தாம் நாள் பின்னேரம் கலாராணி வாய் திறந்தாள்.

"எதுக்கு இப்பிடி அலையிற? கண்ட கண்ட பக்கமெல்லாம் ஓடினா அவன் வந்துருவானா?"

கம்சலா கைப்பேசியை எடுத்தாள். இத்தனை நாள் யாருக்கும் காட்டாததை அம்மாவின் காதருகே பிடித்தாள். மழை இரைச்சலுக்குள்ளிருந்து அஜந்தனின் குரல் வந்தது.

"அக்கா, கொல்லையில ஒரு வெடிப்பு விட்டிருக்கு. காலையில விரல் போற அளவு. இப்ப கையே போகுது. படம் அனுப்பியிருக்கேன், பாரு. நீ மண்ணு படிச்சவதானே, இது என்னான்னு சொல்லு."

"அன்னைக்குப் பகல் ஒண்ணரைக்கு அனுப்பியிருக்கான்" என்றாள் கம்சலா. "நான் சோதனைக்கூடத்துக்குள்ள போறப்போ போனை வெளிய பூட்டி வச்சுட்டுப் போவேன். மூணரை மணி நேரம் கழிச்சுத்தான் பாத்தேன். ஒடனே வெளிய ஓடுங்கன்னு அடிச்சேன். அது போய்ச் சேரவே இல்ல. நாலு மணிக்கே மலை வந்திருச்சே அம்மா."

கலாராணி கைப்பேசியை வாங்கி இன்னொரு தடவை கேட்டாள். பிறகு இன்னொரு தடவை. திருப்பிக் கொடுக்கும்போது அவளுடைய உதடு எதையோ சொல்லப் போனது. சொல்லவில்லை. எழுந்து போய் அடுப்பில் தண்ணீர் வைத்தாள்.

இருபத்து இரண்டாம் நாள் துணிகளைத் தோண்டினார்கள். கொட்டகையிலிருந்து ஏழெட்டுப் பேர் கூடவே ஏறி வந்திருந்தார்கள். முதல் துண்டு சிவப்புச் சேறு பூசிக்கொண்டு வந்தது. உதறி இழுத்தாள், கடையில் கிழித்த அன்றைய உறுதி அப்படியே இருந்தது. இரண்டாவதும் அப்படி. மூன்றாவதும். வலது பக்க வரிசைகள் முழுவதும், நடு வரிசைகள் முழுவதும் அப்படியே. யாரோ ஒரு பெண் பெருமூச்சு விட்டாள். ஆறாவது வரிசையின் மேல் குச்சியைப் பிடுங்கி மண்ணைக் கிளறியபோது, துணி கையோடு வரவில்லை. கொஞ்சம் கொஞ்சமாகப் பிய்ந்து வந்தது. மஞ்சளும் சாம்பலும் ரோஸுமாகக் கறை படிந்து, நூல் நூலாக, ஓட்டை ஓட்டையாக.

அப்படிப் பன்னிரண்டு துண்டு. எல்லாம் ஓடைக்கு அந்தப் பக்கம், நாக்கு நீட்டியது போன்ற ஒரே வடிவில், கீழே ஒரு பெரிய பாறையில் போய் முட்டி நின்றன.

பொன்னையா அந்தக் குழிகளில் ஒன்றிலிருந்து ஒரு பிடி அள்ளி, உள்ளங்கையில் பரப்பினார். கரித்துண்டு. முட்டை ஓடு.

"முட்டை ஓட்டை நொறுக்கிக் கறிவேப்பிலைக்குப் போடுவா" என்றார். "லயத்துலயே அவ ஒருத்திதான் போடுவா."

கம்சலா வரைபடத்தை எடுத்துக்கொண்டு பதுளையில் இதற்குப் பொறுப்பான அலுவலகத்துக்குப் போனாள். அங்கிருந்த அதிகாரி அதை மூன்று தடவை திருப்பித் திருப்பிப் பார்த்தார். துணி உக்கியதை வைத்து இயந்திரம் அனுப்பியதாகத் தன் உத்தியோகத்தில் கேள்விப்பட்டதில்லை என்றார். ஆனாலும் சரிவைப் பரிசோதிக்க ஆள் அனுப்பினார். வந்தவர்கள் ஒரு நாள் முழுக்க அளந்துவிட்டு, ஓடைக்கு அந்தப் பக்கம் சாய்வு குறைவு, இரண்டு நாள் தோண்டலாம், மழைத்துளி விழுந்தால் அந்த நிமிஷமே எல்லோரும் இறங்கிவிட வேண்டும் என்று எழுதிக் கொடுத்தார்கள். அப்போது ஏப்ரல் பிறந்துவிட்டது. பின்னேரங்களில் தூரத்தில் இடி கேட்கத் தொடங்கியிருந்தது.

மண் தோண்டும் பெக்கோ இயந்திரத்தோடு வந்தவர் மர்ஸூக். டிசம்பரிலும் ஒன்பது நாள் தோண்டியவர் அவர்தான். கிடைத்த ஆறு பேரில் மூன்று பேரை எடுத்தது அவர் கைதான். கம்சலாவின் வரைபடத்தை வாங்கி, ஓடைக்கு அந்தப் பக்கத்தோடு ஒத்துப் பார்த்தார்.

"நான் அண்டைக்குத் தகரம் கெடந்த எடத்தத் தோண்டினன் தங்கச்சி. தகரம் லேசான சாமான். மண்ணு மேல மெதந்து எங்கயோ போயிருக்கும். அது எனக்கு வெளங்கியிருக்கோணும்."

"யாருக்கும் வெளங்கல நானா" என்றாள் கம்சலா. முஸ்லிம் அண்ணன்மாரை அங்கே நானா என்பார்கள்.

"எனக்கு வெளங்கியிருக்கோணும்" என்று திரும்பவும் சொல்லிவிட்டு இயந்திரத்தில் ஏறினார்.

முதல் நாள் பலகைத் துண்டுகள் வந்தன, ஓர் அலுமினியச் சட்டி, யாருடையதோ பள்ளிப் புத்தகப்பை. அவ்வளவுதான். இரண்டாம் நாள் காலை பத்து மணிக்கே மேற்கில் கறுத்தது. மர்ஸூக் அடிக்கடி வானத்தைப் பார்த்துக்கொண்டு, ஆனால் கையை அவசரப்படுத்தாமல், மண்ணைச் சுரண்டிச் சுரண்டி எடுத்தார். பகல் தாண்டியதும் இயந்திரத்தை நிறுத்தினார். இறங்கி வந்து, கையை மட்டும் உயர்த்திக் காட்டினார்.

கம்சலா குழிக்குள் பார்த்தாள். நீல நிற மழைக்கோட்டு. முதுகில், அஜந்தன் வேலை செய்த கடையின் பெயரில் பாதி.

அவள் மண்ணில் உட்கார்ந்தாள். "தம்பி" என்று சொன்னது தன் வாய்தானா என்று தெரியவில்லை. யாரோ அவள் தோளைப் பிடித்தார்கள். அதற்குள் பொன்னையா குழிக்குள் இறங்கி, முழங்காலில் நின்று, மண்ணைக் கையால் ஒதுக்கிக்கொண்டிருந்தார். கால் பக்கமாக ஒதுக்கினார். அப்படியே அசையாமல் நின்றார்.

"பாப்பா" என்றார், தலையைத் தூக்காமலே. "மெட்டி இருக்கு. இது ரெங்கம்மா."

கம்சலா எழுந்து வந்து பார்த்தாள். கோட்டு, ஒரு பெண்ணின் சேலைக்கு மேல், கழுத்து வரைக்கும் பட்டன் போடப்பட்டிருந்தது. தனக்குள் முதலில் எழுந்தது ஏமாற்றம்தான் என்பதை அவள் வெகுநாளைக்குப் பிறகும் மறக்கவில்லை. பொன்னையாவின் பக்கத்தில், அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டே, அந்த ஏமாற்றம் அவளுக்குள் எழுந்தது.

ரெங்கம்மாவைத் தூக்கிய பிறகும் மர்ஸூக் நிறுத்தவில்லை. யாரும் கேட்காமலே, சுற்றிவர ஐந்தடி, பத்தடி, பதினைந்தடி என்று அகலித்துக்கொண்டே போனார். மூன்றரை மணிக்கு முதல் துளி கண்ணாடியில் விழுந்தது. இன்னும் இரண்டு வாளி மண் எடுத்தார். மேலே காவலுக்கு நின்றவர்கள் விசிலை ஊதிக்கொண்டே இருந்தார்கள். கடைசியில் கம்சலாதான் போய் இயந்திரத்தின் கதவைத் தட்டினாள்.

"போதும் நானா. எறங்குங்க."

செய்தி அவளுக்கு முன்பே கொட்டகைக்குப் போயிருந்தது. கலாராணி வாசலில் நின்றாள்.

"அவன் கோட்டாமே?"

"ஆமாம்மா. அத்தைக்குப் போட்டுவிட்டிருக்கான். பட்டன்கூட பூட்டியிருக்கு. வீட்டுக்குள்ள இல்ல, ரெண்டு பேரும் வெளிய வந்திருக்கணும்."

கலாராணி தூணைப் பிடித்துக்கொண்டாள். "நான்தான் அனுப்பினேன்" என்றாள். "பின்னாடி வாரேன்னு சொன்னான்னு எல்லாருகிட்டயும் சொன்னேனே, பொய். என்னோட பள்ளிக்கூடத்துக்கு வந்துட்டான். வந்தவன நான்தான், ரெங்கம்மாவால நடக்க முடியாது, போயி தூக்கிட்டு வாடான்னு திருப்பி அனுப்பினேன். நான் வாயத் தொறக்காம இருந்திருந்தா என் புள்ள இருந்திருப்பான்."

இத்தனை மாதமும் அம்மாவின் மௌனத்தைத் தன்மேல் விழுந்த குற்றச்சாட்டாக எண்ணி ஓடிக்கொண்டிருந்தவள் கம்சலா. அவன் போய்ச் சேர்ந்திருக்கிறான், அம்மா சொன்னதைச் செய்திருக்கிறான் என்று சொல்ல நினைத்தாள். அது ஆறுதலா, இன்னொரு அடியா என்று விளங்காமல், பக்கத்தில் போய் நின்றாள். கொஞ்ச நேரத்தில் கலாராணி அவள் தலையிலிருந்த சேற்றை விரலால் எடுத்துவிடத் தொடங்கினாள்.

இரண்டு நாள் கழித்து, ஆஸ்பத்திரியிலிருந்து ரெங்கம்மாவைக் கொடுத்தார்கள். அடக்கத்துக்கு முன்னால் பொன்னையா ஒரு பொலித்தீன் பையோடு கலாராணியிடம் வந்தார். உள்ளே மழைக்கோட்டு.

"இது ஒன் மகனோடது. நீ வச்சுக்கிறியா தங்கச்சி? இல்ல..." பையை நீட்டினார்.

கலாராணி பையை வாங்கி மடியில் வைத்துக்கொண்டு, பெயர் எழுதியிருந்த இடத்தைத் தடவினாள். பிறகு திருப்பிக் கொடுத்தாள்.

"அக்காவோடயே போகட்டும். அவன் போட்டுவிட்டதுதானே."

அந்த மழை ஒன்பது நாள் விடவில்லை. சரிவு இன்னொரு தடவை இறங்கி, தோண்டிய குழியை மூடியது. இனி அந்த மலையில் யாரும் கால் வைக்கக்கூடாதென்று பலகை நட்டார்கள். அஜந்தனும் மற்ற மூன்று பேரும் கிடைக்கவில்லை. கம்சலாவுக்குக் கால் ஆட்டம் நின்றுவிடவில்லை. காலையில் எழுந்தவுடன் கால் அந்தப் பக்கமே திரும்பியது. பலகைவரை போய்த் திரும்பி வந்தாள். பேராசிரியைக்கு இந்தக் கோடைக்கு வரமாட்டேன் என்று எழுதினாள். அடுத்த கோடையைப் பற்றி எதுவும் எழுதவில்லை.

சித்திரைப் புதுவருஷம் கழிந்த வாரம், ஷாகிரா என்ற பெண் தேடிக்கொண்டு வந்தாள். மலைக்கு அந்தப் பக்கம் ஒரு கிராமம். அவளுடைய கணவன் கடையோடு மண்ணுக்குள் போனவன். மர்ஸூக் சொல்லி வந்திருந்தாள்.

"எங்கட எடத்திலயும் துணி பொதைச்சுப் பாப்பீங்களா தாத்தா?"

அங்கே முஸ்லிம்கள் அக்காவைத் தாத்தா என்றுதான் கூப்பிடுவார்கள். கம்சலா அவளை உட்காரவைத்து உள்ளதைச் சொன்னாள். இங்கே லயத்துக்குப் பின்னால் பழைய கொல்லை இருந்தது, அது உடையாமல் வந்தது, அதனால் அகப்பட்டது. கடைக்குப் பின்னால் சிமெந்துத் தரை இருந்திருந்தால் துணி எதையும் காட்டாது. மண் எல்லாம் கலந்துபோயிருந்தாலும் காட்டாது. ஐந்து பேரைத் தேடினோம், ஒருவர்தான் கிடைத்தார்.

"கடைக்குப் பொறகால ஒரு வாழத்தோட்டம் இருந்திச்சு" என்றாள் ஷாகிரா. "சும்மா வந்து பாருங்களேன்."

"எத்தன வருஷத் தோட்டம்?"

"அவர்ட வாப்பா காலத்திலிருந்து."

கம்சலா கொஞ்சம் யோசித்தாள். "வெள்ளிக்கெழமை வாரேன்" என்றாள். "ஆனா நான் சொன்னத மறந்துறாதீங்க."

வெள்ளிக்கிழமை அவள் பையைத் தூக்கும்போது கலாராணி செருப்பை மாட்டிக்கொண்டு வாசலில் நின்றாள். தலையில் கம்பளித் தொப்பி, கையில் பொன்னையா சீவிக் கட்டிவைத்த மூங்கில் குச்சிகள்.

"நீங்க எங்கம்மா?"

"குச்சி நட ஆள் வேணாமா? பஸ் போயிரும், நட."

பஸ்ஸில் இடம் இல்லை. இருவரும் நின்றுகொண்டே போனார்கள். முதல் வளைவில் கலாராணி கம்பியை விட்டுவிட்டு மகளின் தோளைப் பிடித்துக்கொண்டாள். அங்கே கடை எந்தப் பக்கம் பார்த்து இருந்தது, ஓடை எந்தப் பக்கம் என்றெல்லாம் விசாரிக்கத் தொடங்கினாள். கம்சலாவுக்குத் தெரியாது. போய்த்தான் பார்க்க வேண்டும் என்றாள்.